குழந்தைகளுடன் நாற்பத்திரண்டு நிமிடம்

என் தம்பியைப் பத்திச் சொல்லணும்னா பலகையில இருந்துதான் ஆரம்பிக்கணும். எங்க ஊர் மலை மேல ஒரு பழைய கோட்டை இருக்கு. கீழ்வாசல்ல ஆரம்பிச்சு உச்சியில இருக்கிற காவல் கோபுரம் வரைக்கும் ஒரே பாதை. வழியில ஆறு பச்சைப் பலகை. அடுத்த இடம் எது, பெரியவங்க நடந்தா எத்தனை நிமிஷம், குழந்தைகளோட நடந்தா எத்தனை நிமிஷம்னு வெள்ளை எழுத்துல இருக்கும். அந்த எழுத்து என் தம்பி எழுதினது. அந்த நிமிஷமும் அவன் அளந்து வச்சது. அவன் பெத்த ஒரே பொண்ணோட உசுரு போயிட்டிருந்ததும் அந்தப் பலகையிலதான் எழுதியிருந்துச்சு. நாங்க எல்லாரும் தினமும் படிச்சோம். ஒருத்தருக்கும் புரியலை.

நான் கீழ்வாசல்ல டிக்கெட் கொடுக்கிறவ. அந்தக் காலத்துக் காவல்காரங்க உக்காந்த அறைதான் என் கவுன்டர். சுவர் ஒரு ஆள் அகலம். ஜன்னல் ஒண்ணே ஒண்ணு. வெயில் காலத்துலயே கால் விறைக்கும். இருபத்திரண்டு வருஷமா அதுக்குள்ள உக்காந்து கத்திக் கத்தி எனக்கு வாய் நீளமாயிடுச்சுன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. வாய் பிறந்தப்பவே நீளம்தான், கவுன்டர் மேல பழி போடாதீங்கன்னு சொல்லிடுவேன்.

தம்பி என்னை விட ஆறு வயசு சின்னவன். சின்ன வயசுல இருந்தே பிடிச்ச முயலுக்கு மூணே கால். ஒரு வேலையில நிக்க மாட்டான். பூட்டுக் கடைக்குப் போனான், முதலாளி சாவி அளவு எடுக்கிறது தப்புன்னு சண்டை போட்டு வந்துட்டான். லாரி ஆபீஸ்ல சேந்தான், அங்கேயும் ஏதோ அளவுதான் தகராறு. முப்பது வயசு வரைக்கும் ஊர் அவனைப் பாத்துச் சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன், எதுக்குப் பொய் சொல்லணும். கடைசியில நான் ஆபீசர் அம்மா கால்ல விழாத குறையாக் கெஞ்சி, கோட்டைப் பாதையைப் பராமரிக்கிற வேலையில சேத்துவிட்டேன். படி பெயர்ந்தா சரி பண்ணணும், கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கணும், பாதையில விழுந்த மரத்தை அப்புறப்படுத்தணும். அவனுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி வேலை.

கோட்டைக்குக் குடும்பமா வர்றவங்க குறைஞ்சு போச்சு, குழந்தைகளோட வர்றவங்களுக்குன்னு ஒரு நடைப்பாதைத் திட்டம் போடுங்கன்னு மேலிடத்துல இருந்து உத்தரவு வந்துச்சு. ஆபீசர் அம்மா சுலபமா ஒரு வழி சொன்னாங்க. பெரியவங்க நடக்கிற நேரத்தோட பாதியைக் கூட்டி எழுதிடு, எல்லா ஊர்லயும் அப்படித்தான் போடுறாங்கன்னு. இவன் கேட்பானா?

"உக்காந்த இடத்துல கூட்டி எழுதறதுக்கு என்னை எதுக்கும்மா வேலைக்கு வச்சீங்க? குழந்தையோட நடந்து பாத்துதான் எழுதுவேன்"னு நின்னுட்டான்.

எந்தக் குழந்தை? அவன் பொண்ணுதான். அப்போ அவளுக்கு அஞ்சு வயசு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அவளுக்குத் தொப்பி போட்டு, தண்ணி பாட்டில் மாட்டி, கையில கடிகாரத்தோட கிளம்பினான். கீழ்வாசல்ல இருந்து பழைய சுங்கச்சாவடி, அங்கிருந்து பாறையில வெட்டின சுனை, அங்கிருந்து குதிரை லாயம். லாயத்தை இப்போ சின்ன மியூசியமா வச்சிருக்கோம், அது வரைக்கும்தான் குடும்ப நடை. மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம். பலகையில எழுதினான். மழைக்காலம் முடிஞ்சதும் கல்லெல்லாம் இடம் மாறிடும், அதனால வருஷா வருஷம் புதுசா அளக்கணும்னு அவனே ஒரு சட்டமும் போட்டுக்கிட்டான். அதுலேர்ந்து ஊர்ல அவன் பேரே 'நிமிஷம்'. நிமிஷம் வர்றான், நிமிஷம் போறான்.

ரெண்டாவது வருஷமும் இருபத்தஞ்சு. அவளுக்கு ஆறு வயசு. கால் வளந்திருக்கு, குறையணுமேன்னு யோசிச்சான். அப்புறம் அவனே ஒரு காரணம் கண்டுபிடிச்சான். "புத்தி வளருதுக்கா. இப்பல்லாம் வழியெல்லாம் கேள்வி. இந்தக் கல்லை யார் தூக்கினாங்க, சுங்கச்சாவடியில குதிரைக்கும் வரி உண்டா, சுனையில விழுந்த ஆள் இருக்காங்களான்னு. நின்னு பதில் சொல்லணும்ல." அவ எங்கெங்க நின்னு கேட்டாளோ அங்கெல்லாம் ஒரு சின்னத் தகடு அடிச்சான். அவ கேட்ட கேள்வி, கீழ அதுக்குப் பதில். வர்ற குழந்தைங்க அதைப் படிக்கிறதுக்குன்னே ஓடுங்க.

மூணாவது வருஷம் முப்பத்தொண்ணு. அந்த வருஷம் அவ நடுநடுவுல உக்காந்தா. உக்காந்த இடத்துலயெல்லாம் தம்பி மரப் பெஞ்சு போட்டான். மொத்தம் நாலு பெஞ்சு. பெரியவங்க அதுல உக்காந்து, "இந்த மலையிலதான்மா மனுஷன் அருமை தெரிஞ்சு பெஞ்சு போட்டிருக்காங்க"ன்னு என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போவாங்க. ஆபீஸ்ல இருந்து அவனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு. அதைப் பிரேம் போட்டு மாட்டினான். அன்னைக்கு அவன் தெருவுல நடந்ததைப் பாக்கணுமே, சிரிச்சவன் எல்லாம் வணக்கம் வச்சான்.

எட்டு வயசுல நாப்பத்திரண்டு. பலகையில எழுதிட்டான்.

இப்போ என் பங்கைச் சொல்றேன். ஒவ்வொரு வருஷமும் அளந்து முடிச்சு இறங்கினதும் அவ நேரா என் கவுன்டருக்குள்ள வந்து என் நாற்காலியில சாஞ்சுடுவா. நான் அவளை 'ஆமை'ன்னு கூப்பிடுவேன். "என்னடி ஆமை, முயல் எங்க? தூங்கிடுச்சா?" அவ சிரிப்பா, பதில் சொல்ல மாட்டா. எட்டு வயசுல வந்தப்ப உதடு ஊதா நிறமா இருந்துச்சு. "எனக்குக் குடுக்காம கலர் ஐஸ் தின்னியா, திருட்டுக் கழுதை"ன்னேன். என் நாக்குல சனி. கண்ணுக்கு முன்னாடி இருந்ததை ஐஸ்னு நினைச்சவ நான்.

தம்பி பொண்டாட்டி வீட்டுல தையல் மிஷின் வச்சு, லாட்ஜுங்களுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைக்கிறா. பேச்சு குறைவு, வாயில எப்பவும் குண்டூசி. பொண்ணுக்கு ஏழு வயசா இருந்தப்ப அவ ஒரு தடவை என் முன்னாடியே கேட்டா. "பாப்பா மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குறா. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமாங்க?"

தம்பி சிரிச்சான். "மலை ஏறுற புள்ளைக்கு வியாதியா? வருஷா வருஷம் கூட நடக்கிறவன் நான். அவ நடை எனக்குத் தெரியாதா?"

அவ மறுபடி குண்டூசியை வாயில வச்சுக்கிட்டா. நானும் விட்டுட்டேன். அவன் சொன்னது எனக்கு நியாயமாத்தான் பட்டுது.

நாப்பத்திரண்டுன்னு எழுதின வருஷம்தான் புகார் வர ஆரம்பிச்சுது. லாயத்தைக் குறிச்ச நேரத்துக்குத்தான் திறப்போம். பலகையைப் பாத்துக் கணக்கு வச்சு ஏறுறவங்க, பாதி நேரத்துலயே மேல போய்ச் சேந்து, பூட்டின கதவுக்கு முன்னாடி குளிர்காத்துல நின்னாங்க. ரெட்டைப் புள்ளைங்களோட வந்த ஒரு அம்மா என் ஜன்னலைத் தட்டி, "நாப்பத்திரண்டுன்னு எழுதினவர் நொண்டிக் குழந்தையைக் கூட்டிட்டுப் போனாரா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அவங்களை உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன். ஒரே மாசத்துல இது மாதிரி ஏழு பேர். தம்பி காதுலயே போட்டுக்கலை. "எதையும் பாக்காம ஓடுறவங்களுக்குப் பலகை எதுக்கு?"ன்னான்.

ஆபீசர் அம்மா பொறுமையா ஒண்ணு சொன்னாங்க. "இன்னொரு குழந்தையோட ஒரு தடவை நடந்து பாருப்பா. உன் நேரமே வந்தா நான் வாயே திறக்கலை." அவங்க தங்கச்சி பையன், ஆறு வயசு, லீவுக்கு வந்திருந்தான். அவனைக் கூட்டிக்கிட்டு, முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே தம்பி கிளம்பினான்.

அந்தப் பையன் கேள்வியும் கேட்டானாம். தகடெல்லாம் படிச்சானாம். சுனைக்கிட்ட ஒரு செருப்பை விட்டுட்டு, லாயத்துக்குப் பக்கத்துல ஞாபகம் வந்து, திரும்பி ஓடிப் போய் எடுத்துக்கிட்டு வந்தானாம். அவ்வளவுக்கும் சேத்து இருபத்தொரு நிமிஷம். ஆபீசர் அம்மா கூட ஏறியிருந்தாங்க, அவங்கதான் எனக்குச் சொன்னது. பையன் லாயத்துக் கதவைத் தொட்டுட்டுத் திரும்பி, "மாமா, இப்போ கோபுரத்துக்குப் போலாமா?"ன்னு கேட்டிருக்கான். தம்பி கடிகாரத்தைப் பாத்தானாம், அந்தப் பையனோட உதட்டைப் பாத்தானாம். இறங்க ஆரம்பிச்சுட்டானாம்.

அவன் என் ஜன்னலைத் தாண்டிப் போனப்ப நான் கூப்பிட்டேன். திரும்பலை. நேரா பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பு நடந்துட்டிருக்கும்போதே பொண்ணைத் தூக்கிட்டு வெளிய வந்திருக்கான். "நான் நடக்கிறேன்பா, எல்லாரும் பாக்குறாங்க"ன்னு அவ கெஞ்சியிருக்கா. இறக்கி விடலை. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் மடியிலயே வச்சிருந்தான். விஷயம் கேள்விப்பட்டு நான் கவுன்டரை மூடிட்டு, அவன் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு ஓடினேன்.

ரெண்டு நாள் ஏதேதோ மிஷின்ல வச்சுப் பாத்தாங்க. மூணாவது நாள் டாக்டர் எங்களை ஒரு சின்ன அறையில உக்கார வச்சாரு. வயசானவர், நல்ல மனுஷன்.

"எப்பலேர்ந்து மூச்சு வாங்குது? தோராயமாச் சொன்னாப் போதும்"னாரு.

தம்பி பொண்டாட்டி அவனைப் பாத்தா. தம்பி சொன்னான்.

"ஆறு வயசு வரைக்கும் கீழ்வாசல்ல இருந்து லாயத்துக்கு இருபத்தஞ்சு நிமிஷம் சார். ஏழுல முப்பத்தொண்ணு. எட்டுல நாப்பத்திரண்டு. ஏழுல நாலு இடத்துல உக்காந்தா. எட்டுல ஒன்பது இடம்."

டாக்டர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. "இவ்வளவு துல்லியமா எந்த அப்பாவும் என்கிட்ட சொன்னதில்லை"ன்னாரு. பாவம், அவர் பாராட்டாத்தான் சொன்னாரு. என் தம்பி அந்த மேஜை மேலயே தலையைக் கவுத்துக்கிட்டான்.

பிறந்ததுல இருந்தே இதயத்துல ஓட்டை. சின்னப் புள்ளையிலயே கொண்டு வந்திருந்தா அடைச்சிருக்கலாம். இத்தனை வருஷம் நுரையீரல்ல ரத்தம் முட்டி முட்டி, அதோட குழாயெல்லாம் இறுகிப் போச்சு. இப்போ ஓட்டையை அடைச்சா இதயம் நின்னுடும். மாத்திரை குடுக்கலாம், ஆக்சிஜன் வச்சுக்கலாம். அதுக்கு மேல வழி இல்லைன்னாரு.

அன்னைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில தம்பி பொண்டாட்டி பேச்சை நிறுத்தினா. அவன்கிட்ட மட்டும். திட்டலை, அழலை, அம்மா வீட்டுக்குப் போகலை. சமைச்சா, துவைச்சா, தைச்சா. பேச்சு மட்டும் இல்லை.

தம்பி மறுபடி வேலைக்குப் போனான். பலகையெல்லாம் மாத்தி எழுதச் சொல்லி ஆபீஸ் உத்தரவு போட்டுச்சு. வேற ஆளை விடுறேன்னு ஆபீசர் அம்மா சொல்லியும் கேக்காம அவனே எழுதினான். மண்ணெண்ணெயில நனைச்ச துணியால பழைய நிமிஷத்தை அழிக்கிறதை என் ஜன்னல்ல இருந்து பாத்தேன். அழிச்ச இடத்தையே மறுபடி மறுபடி தேய்ச்சுக்கிட்டு இருந்தான். போய் நிறுத்தச் சொல்லலாம்னு தோணுச்சு. டிக்கெட்டுக்கு வரிசை நின்னுச்சு, போகலை.

அவங்க வீடு மூணு அறை. முன்னறையில ஜன்னலோரமா பொண்ணுக்குக் கட்டில் போட்டாங்க. ஒரு பக்கம் தையல் மிஷின், இன்னொரு பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர். நான் வேலை விட்டு நேரா அங்க போயிடுவேன். போனாக் கேக்குறது என்ன?

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"அம்மாகிட்ட உன் மாத்திரைச் சீட்டு எங்கன்னு கேளு."

ஒருத்தர் அடுப்படியில, ஒருத்தர் பின்னறையில. நடுவுல இந்தப் புள்ளை மூக்குல குழாயோட, "அப்பா... அம்மா சாப்பிட... கூப்பிடுறாங்க"ன்னு மூணு மூச்சு எடுத்துச் சொல்லும். பதினோரு மாசம் இப்படி. புருஷன் பொண்டாட்டி நடுவுல பூந்தவ உருப்பட்டதில்லைன்னு நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ரெண்டு பேரும் அந்தப் பக்கம் இருந்தாங்க. நான் அவளுக்குக் கால் பிடிச்சுவிட்டுக்கிட்டு இருந்தேன். கால் வீங்கியிருந்துச்சு.

"அத்தை, ஒண்ணு சொன்னாத் திட்டுவியா?"

"திட்டுவேன். சொல்லு."

"எனக்கு அப்பவே மூச்சு முட்டும் அத்தை. கேள்வி கேட்டா அப்பா நின்னு பதில் சொல்லுவாருல்ல. அதுக்குள்ள சரியாயிடும். அதுக்குத்தான் கேட்டேன்."

என் கை நின்னுடுச்சு. "ஏண்டி, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேற புள்ளையைக் கூட்டிட்டுப் போவாரு. ஆபீசர் ஆன்ட்டி ஒரு தடவை ஸ்கூல் பசங்களை வச்சு அளக்கலாம்னு சொன்னாங்க. அப்பா, என் பொண்ணு இருக்கான்னு சொன்னாரு." கொஞ்ச நேரம் மூச்சு எடுத்தா. "நான் சொல்லியிருந்தா அம்மா அப்பாகூடப் பேசிட்டு இருப்பாங்கல்ல? என்னாலதானே?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோவம் வந்துச்சுன்னு தெரியலை. எழுந்து போய் பின்னறையில இருந்தவனைச் சட்டையைப் பிடிச்சு அடுப்படிக்கு இழுத்துட்டு வந்தேன். கதவைச் சாத்தினேன்.

"மூச்சு விடவே முடியாத புள்ளையைத் தபால்காரி ஆக்கிட்டீங்களே, நீங்கல்லாம் மனுஷ ஜென்மம்தானா? உங்க சண்டைக்குத் தான்தான் காரணம்னு அங்க படுத்துக்கிட்டு இருக்கு அது. இனி எத்தனை நாள் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அது காதுல உங்க ரெண்டு பேர் குரலும் சேந்து விழ வேண்டாமா?" பொண்ணு சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாமக் கொட்டிட்டேன். அவன் பொண்டாட்டி பக்கம் திரும்பி, "அவன் தப்புப் பண்ணிட்டான், சரி. அவனைக் கொன்னு போடு. இல்லைன்னா பேசு"ன்னேன்.

அவ அடுப்பை அணைச்சா. "நான் அவர் மேல கோவமா இல்லை அண்ணி"ன்னா.

"பின்ன என்னடி?"

"வாயைத் திறந்தா அது வந்துடும்னுதான் பேசலை. ஏழு வயசுலயே பாப்பா என்கிட்ட சொல்லிட்டா. நெஞ்சுக்குள்ள அடைக்குதும்மான்னா. நான் இவர்கிட்ட ஒரு தடவை கேட்டேன், சிரிச்சாரு. நானே தூக்கிட்டுப் போயிருக்கலாம். போகலை. அந்தப் பாராட்டுக் கடிதம் வந்திருந்த நேரம். இத்தனை வருஷம் கழிச்சு இந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடக்கிறாரு, அதைக் கெடுக்க மனசு வரலை. மெதுவா நடடி, அப்பாகிட்டச் சொல்லாதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அவ என் பேச்சைக் கேட்டா."

தம்பி சுவர்ல சாஞ்சு அப்படியே தரையில உக்காந்துட்டான். அப்புறம் அவன்தான் கேட்டான், "ரெண்டு வருஷமா இதைத் தனியா வச்சிருந்தியா?" அவ தலையை ஆட்டினா. அவளும் அவன் பக்கத்துல உக்காந்தா. அவன் அவ கையைத் தொடலை. அவளும் தொடலை.

வெளிய இருந்து மெல்லிசாக் குரல் வந்துச்சு. "அம்மா, அப்பாகூடப் பேசுறியா?"

"பேசுறேன்டா கண்ணு"ன்னா அவ.

அன்னையில இருந்து பேசினாங்க. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். எதிர்வீட்டு நாய் பெட்ஷீட்டை இழுத்துட்டுப் போனது, லாட்ஜ்காரன் திரைச்சீலை அளவைத் தப்பாச் சொன்னது, சுங்கச்சாவடிப் படியில வேர் வந்தது, எல்லாம் பேசினாங்க. வாய் வலிக்கப் பேசினாங்க. அவ கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பா. தூங்கிட்டாளான்னு நிறுத்தினா, "அப்புறம்?"ன்னு கேப்பா.

நாலு மாசம் அப்படி. ஒரு வியாழக்கிழமை காலையில ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கும்போது, 'அப்புறம்' வரலை.

இது நடந்து மூணு வருஷம் ஆச்சு. தம்பி இன்னும் வேலைக்குப் போறான். அவ இன்னும் தைக்கிறா. நான் இப்பவும் வேலை விட்டு அங்க ஒரு எட்டு போவேன். அவ தட்டுல சோறு வச்சு மூடிட்டு அடுப்படியில இருப்பா. அவன் வந்து தானே எடுத்துச் சாப்பிட்டுப் பின்னறைக்குப் போயிடுவான். பொண்ணோட உடம்பைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு நிறுத்தின பேச்சு, அதுக்கப்புறம் அந்த வீட்டுல இல்லை. இந்தத் தடவை நான் யாரையும் திட்டலை.